பேஸ் ஏன் கேட்பதில்லை?

அமெச்சூர் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவரின் முதல் புகார், தான் வாசிப்பது தனக்கே கேட்கவில்லை என்பது. அதே அறையில், அதே பாட்டின்போது, சுவரோரம் உட்கார்ந்திருக்கும் டிரம்மர் பேஸ் காதை அடைக்கிறது என்பார், குறைக்கச் சொல்வார். இருவரில் ஒருவர் மிகைப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டுதான் பல ஒத்திகைகள் மனக்கசப்பில் முடிகின்றன. ஆனால் இரண்டு கூற்றும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். அதற்கு ஒலியியலில் வலுவான ஆதாரம் உண்டு.

இந்தப் புகார் பேஸ் கிட்டாரைவிட மூத்தது. இதற்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகளும் பல. பெரிய ஆம்ப் வேண்டும் என்பார் ஒருவர். நல்ல கருவி வேண்டும் என்பார் இன்னொருவர். அறை சரியில்லை, குமிழ்களைத் திருப்பத் தெரியவில்லை, விரலில் அழுத்தம் போதவில்லை, பாட்டை அமைத்த விதமே தவறு, கூட வாசிப்பவர்களுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியவில்லை என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரலாறு உண்டு, அதை நம்பும் ஒரு தரப்பும் உண்டு. இவற்றில் கருவியைச் சொல்லும் விடைக்குத்தான் குரல் அதிகம். கடையில் விலைக்குக் கிடைக்கும் விடை அது ஒன்றுதான் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்த விடையைத் தவறென்று தள்ளிவிட முடியாது. ஓர் எல்லைவரை அது செல்லுபடியாகிறது. அந்த எல்லை, விளம்பரங்கள் காட்டும் உயரத்துக்கு வெகு கீழே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கருவியே விடையாகப் பிறந்தது

1930களின் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் ஆளுயர டபுள் பேஸ் இருந்தது. பித்தளைக் கருவிகளுக்கு நடுவே அது பார்க்கக் கிடைத்த அளவுக்குக் கேட்கக் கிடைக்கவில்லை. சியாட்டில் நகரில் பால் டட்மார்க் 1936 வாக்கில் ஆடியோவாக்ஸ் என்ற பெயரில், கிட்டாரைப் போலக் கிடைமட்டமாகப் பிடித்து வாசிக்கும், ஃப்ரெட் வைத்த மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அது பரவவில்லை. 1951இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ்தான் நிலைத்தது. அதன் 34 அங்குலத் தந்தி நீளம் இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவாக இருக்கிறது. ஒலியைப் பெருக்கிக்கொள்ளலாம், காரில் ஏற்றிச் செல்லலாம், ஃப்ரெட் இருப்பதால் சுருதி நழுவாது, கிட்டார் தெரிந்தவரும் எடுத்து வாசிக்கலாம். இந்தக் கடைசி வசதிதான் பின்னால் ஒரு சிக்கலாகவும் ஆனது; அதைப் பிறகு பார்ப்போம்.

கருவிக்கு அடுத்தபடியாக ஆம்ப் வேண்டும். 1952இல் ஃபெண்டர் நிறுவனம் பேஸுக்கென்றே பாஸ்மன் என்ற ஆம்பை வெளியிட்டது. இங்கே வரலாறு ஒரு குறும்பு செய்திருக்கிறது. 1950களின் இறுதியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுடன் வந்த பாஸ்மன், பேஸிஸ்டுகளைவிடக் கிட்டாரிஸ்டுகளுக்குத்தான் பிடித்துப்போனது. சில வருடங்களில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் மார்ஷல் ஆம்ப் அந்த பாஸ்மனின் சுற்றமைப்பைப் பின்பற்றியது. பேஸ் கேட்கட்டும் என்று வடிவமைத்த மின்சுற்றுதான், பேஸை மூழ்கடிப்பதாக அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குற்றம் சாட்டப்படும் கிட்டார் ஆம்பின் மூதாதை.

ஆம்பெக் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த போர்ட்டாஃப்ளெக்ஸ் பி-15 சுமார் 25 வாட் திறன் கொண்டது. ஸ்டூடியோக்களில் அது பெரும்பெயர் பெற்றது. ஒன்பதே வருடங்களில், 1969இல், அதே நிறுவனம் எஸ்.வி.டி. என்ற 300 வாட் ஆம்பை வெளியிட்டது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அந்த ஆண்டு அமெரிக்கப் பயணத்தில் அது மேடையேறியது. வால்வுகள் நிறைந்த அதன் தலைப்பெட்டி மட்டுமே 38 கிலோவுக்குப் பக்கம். எட்டு ஸ்பீக்கர் கொண்ட கேபினட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

25இலிருந்து 300 என்ற தாவலுக்குக் காரணம் இசை மாறியதைவிட மற்றவர்களின் ஆம்ப் வளர்ந்தது என்றுதான் தோன்றுகிறது. த ஹூ குழுவின் கிட்டாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்டும் பேஸிஸ்ட் ஜான் என்ட்விஸ்டிலும் மாறிமாறிப் பெரிய ஆம்ப் கேட்டதுதான் மார்ஷலின் 100 வாட் ஆம்ப் உருவாகத் தூண்டுதல் என்பது பலமுறை பதிவான செய்தி. ஒரே குழுவுக்குள் நடக்கும் இந்தப் போட்டியில் இருவரும் இரு மடங்கு திறன் வாங்கினால் விகிதம் பழைய இடத்திலேயே நிற்கும். கருவித் தரப்பின் முதல் பலவீனம் இது. அமெச்சூர் குழுக்கள் இந்தப் பந்தயத்தைச் சிறிய அறைக்குள் மறுபடி ஓடிப் பார்க்கின்றன.

வாட் கணக்கு

இருந்தாலும் பேஸுக்குத் திறன் அதிகம் வேண்டும் என்பது கற்பனையன்று. பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட சம உரப்பு வரைகோடுகள், மனிதக் காது தாழ்ந்த ஒலிகளுக்கு எவ்வளவு மந்தமானது என்று காட்டின. 2003இல் திருத்தப்பட்ட சர்வதேசத் தரநிலைப்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல்லில் கேட்கும் ஒலிக்கு இணையான உரப்பை 40 ஹெர்ட்ஸில் பெறச் சுமார் 83 டெசிபெல் வேண்டும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தியைத் திறந்து மீட்டினால் வருவது 41.2 ஹெர்ட்ஸ். ஐந்து தந்திக் கருவியில் இன்னும் கீழே, 30.9.

அதே தரநிலையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கருவி விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. 1000 ஹெர்ட்ஸில் 80 டெசிபெல் உரப்புக்கு 40 ஹெர்ட்ஸில் சுமார் 105 போதும். 43 டெசிபெல்லாக இருந்த இடைவெளி 25ஆகச் சுருங்கிவிடுகிறது. ஆக, மெல்ல வாசிக்கும்போது முதலில் காணாமல் போவது பேஸ். ஒலியைக் கூட்டும்போது எல்லாவற்றையும்விட வேகமாக எழுவதும் பேஸ். குமிழைக் கொஞ்சம் திருப்பினால் ஒன்றுமில்லாமல் இருந்தது திடீரென்று அறையை நிரப்பும். "கேட்கவே இல்லை", "ரொம்ப அதிகம்" என்ற இரண்டு நிலைகளுக்கு நடுவே நிற்க இடம் குறைவு என்ற பேஸிஸ்டின் அனுபவத்துக்கு இது ஒரு விளக்கம்.

ஸ்பீக்கரின் பக்கமும் இரக்கமில்லை. ஒரு ஸ்தாயி கீழே அதே ஒலியழுத்தம் தர, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின் நகர வேண்டும். பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், ஆழமான பேஸ் வர வேண்டும், குறைந்த வாட்டில் அதிக ஒலி வேண்டும் என்ற மூன்றில் இரண்டைத்தான் ஒருசேரப் பெற முடியும் என்பது ஸ்பீக்கர் வடிவமைப்பாளர்கள் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று அழைக்கும் கட்டுப்பாடு. ஆண்டன் ஹாஃப்மன் கே.எல்.எச். ஒலிபெருக்கி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெரும் பியானோ மேதை யோசெஃப் ஹாஃப்மனின் மகன்.

கடந்த கால் நூற்றாண்டில் இந்த விதியை யாரும் உடைக்கவில்லை. மூன்றில் வாட்டைத் தாராளமாக விட்டுக்கொடுத்து மற்ற இரண்டை வாங்கிக்கொண்டார்கள். கிளாஸ்-டி வகை மின்சுற்று வந்தபின் 500, 800 வாட் தலைப்பெட்டிகள் இரண்டு மூன்று கிலோவுக்குள் அடங்கிவிட்டன. நியோடிமியம் காந்தம் கேபினட்டின் எடையைக் குறைத்தது. முதுகுவலி குறைந்தது என்பதில் சந்தேகமே இல்லை. மாடிப்படி ஏறி மேடைக்குச் செல்லும் எந்த பேஸிஸ்டும் இதற்கு நன்றி சொல்வார். பேஸ் கூடுதலாகக் கேட்டதா என்பது வேறு கேள்வி. 300 வாட்டை 600 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். ஒலி இரு மடங்கு உரத்ததாகக் காதுக்குப் படப் பொதுவாகப் பத்து மடங்கு திறன் வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்குபவர் அடுத்த ஒத்திகையில் ஏமாறுவதற்கு இந்தக் கணக்கே போதும். அதே பணத்தில் இன்னொரு கேபினட் வாங்கிச் சேர்த்திருந்தால் அநேகமாக அதிகம் கிடைத்திருக்கும்.

எவ்வளவு போதும்? மைக் இல்லாத டிரம்முடன் ஒரு சிறிய கூடத்தில் வாசிக்க, திறமையான இரண்டு ஸ்பீக்கர் கேபினட்டும் சில நூறு வாட்டும் போதும் என்பதே அனுபவசாலிகள் பொதுவாகச் சொல்வது. இது ஆய்வில் நிறுவப்பட்ட எண்ணன்று, நடைமுறை வழக்கு. இதற்கு மேலும் ஏற்றலாமா என்றால் காது குறுக்கே வருகிறது. அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் 85 டெசிபெல்லை எட்டு மணி நேரத்துக்கு வரம்பாக வைத்து, ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரத்தைப் பாதியாக்குகிறது. 100 டெசிபெல்லில் பதினைந்து நிமிடம்தான். ராக் ஒத்திகை அறைகள் இந்த அளவைத் தொடுவது அபூர்வமில்லை. ஒத்திகை பதினைந்து நிமிடத்தில் முடிவதுமில்லை.

அறை என்னும் ஐந்தாவது ஆள்

அறையைக் குற்றம் சொல்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அவர்களுடைய வாதம் வலுவானது. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். அதைவிடச் சிறிய அறைகளில்தான் அமெச்சூர் குழுக்கள் வாசிக்கின்றன. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நான்கு மீட்டர் இருந்தால், சுமார் 43 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை உருவாகும். இது பேஸின் அடித்தந்தியில் முதல் ஃப்ரெட்டின் ஸ்வரத்தோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது. அந்த அலையின் அழுத்தம் சுவரருகே உச்சமாகவும் அறையின் நடுவே மிகக் குறைவாகவும் இருக்கும். பேஸிஸ்ட் நடுவில் நிற்கிறார். டிரம்மர் இடம் போதாமல் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். முதலாமவருக்குக் கேட்கவில்லை, இரண்டாமவருக்கு இடிக்கிறது. இருவரும் இடம் மாறி நின்றால் புகாரும் இடம் மாறும்.

எல்லா ஸ்வரங்களுக்கும் இது ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதுதான் பெரிய தொல்லை. ஒரு ஸ்வரம் குமுறும், அடுத்தது செத்துப்போகும். வாசிப்பவர் கருவியைச் சந்தேகிப்பார், புதிய தந்தி போடுவார், பிக்கப்பை மாற்றுவார். கருவியிலேயே செத்த இடங்கள் இருப்பதும் உண்மைதான். கழுத்தின் அதிர்வு தந்தியின் ஆற்றலை உறிஞ்சுவதால் சில ஃப்ரெட்டுகளில் ஸ்வரம் சீக்கிரம் அடங்கிவிடுவதை ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர் உள்ளிட்டோர் 1990களில் அளந்து காட்டியிருக்கிறார்கள். குறை அறையிலா கருவியிலா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. ஹெட்ஃபோனில் வாசித்துப் பார்க்கலாம். அங்கேயும் செத்தால் கருவி, அங்கே சரியென்றால் அறை.

ஆம்பை வைக்கும் இடமும் கணக்கில் சேரும். சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் அருகே நேரடி ஒலியை வெட்டக்கூடும். அது பேஸின் உயிர்நாடியான பகுதி. சுவரை ஒட்டி வைத்தால் அந்த வெட்டு மேலே நகர்ந்துவிடும், தாழ்ந்த ஒலியும் வலுப்படும். இதற்குக் காசு தேவையில்லை. இந்த விடை பிரபலமாகாததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வாடகை அறையை இடித்துக் கட்ட முடியாது. சுவரில் ஒட்டும் மெல்லிய நுரைத் தகடுகள் உயர்ந்த ஒலிகளை உறிஞ்சுமே தவிர 43 ஹெர்ட்ஸை அசைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

மிட் தரப்பு

அனுபவமுள்ள சவுண்ட் இன்ஜினியர்கள் சொல்லும் விடை பெரும்பாலும் இது: தாழ்ந்ததைக் கூட்டாதே, நடுப்பகுதியைக் கூட்டு. இதன் வேர் பழையது. அடிப்படை அதிர்வெண் இல்லாமலே அதன் மடங்குகளைக் கொண்டு காது சுருதியை அறிகிறது என்பதை 1840களிலேயே ஆகஸ்ட் சீபெக் கவனித்தார். உள்ளங்கை அளவு டிரான்சிஸ்டர் ரேடியோவால் 41 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது. ஆனாலும் அதில் பேஸ் என்ன வாசிக்கிறது என்று பாடிக்காட்டிவிடலாம். ஆகவே பேஸ் புரிவதற்குத் தேவையான செய்தி ஏறத்தாழ 200 முதல் 800 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது என்பது இத்தரப்பின் வாதம். 1924இல் வெகலும் லேனும் ஒலி மறைப்பை ஆராய்ந்தபோது, உரத்த தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள ஒலிகளை அமுக்குவதாகவும், எதிர்த்திசையில் அந்த விளைவு குறைவாகவும் கண்டார்கள். பேஸ் குமிழை முழுதாகத் திருப்புபவர் தன் வாசிப்பின் தெளிவைத் தானே அமுக்கிக்கொள்கிறார் என்று இதை வைத்துச் சொல்லலாம்.

வீட்டில் தனியாக வாசிக்கும்போது தாழ்ந்ததும் உயர்ந்ததும் கூடி, நடு குழிந்த ஒலிதான் இனிக்கும். குழுவோடு சேர்ந்ததும் அது கரைந்துபோகும். கடையில் பத்து நிமிடம் தனியாக வாசித்துப் பார்த்து வாங்கிய கருவி, ஒத்திகையில் காலை வாருவதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் இல்லை.

இத்தரப்பின் பலவீனம் எங்கே என்றால், நடுப்பகுதியில்தான் கிட்டாரும் கீபோர்டும் பாடகரின் குரலும் குடியிருக்கின்றன. எல்லோரும் மிட்டைக் கூட்டினால் பழைய பந்தயம் புதிய இடத்தில் நடக்கும். மேலும் எல்லா இசைக்கும் இது பொருந்தாது. பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் ஆஸ்டன் பாரெட் வாசித்த பேஸில் நடுப்பகுதி துருத்தி நிற்காது. உருண்டு திரண்ட அடிநாதம்தான். அது கேட்கிறது என்றால், காரணம் ரெகேயில் கிட்டார் மேல் ஸ்தாயியில் எதிர்த்தாளத்தில் ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான். கீழே வீடு காலியாக இருக்கிறது.

விரலா, மரமா?

இந்த விவாதம் பேஸிஸ்டுகளின் நேரத்தைத் தின்ற அளவுக்கு எதையும் தீர்த்ததாகத் தெரியவில்லை. ஒலி விரலில் இருக்கிறது என்பவர்களின் முதல் சாட்சி ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில், பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்று சொல்லப்படுகிறது. ஆனால் இந்தச் சாட்சி மறுதரப்புக்கும் பேசும். அவருடைய தந்திகள் தட்டை இழை சுற்றியவை, உயரத்தில் கட்டியவை. ஸ்டூடியோவில் ஒலி ஆம்ப் வழியாக அல்லாமல் நேராகக் கன்சோலுக்குப் போனது. இவையும் கருவி சார்ந்த முடிவுகளே.

தந்தியின் வகை, பிக்கப் இருக்கும் இடம், மீட்டும் இடம் ஆகிய மூன்றும் ஒலியை மாற்றுகின்றன என்பதில் சர்ச்சை இல்லை. அளந்து பார்க்கலாம், காதிலும் படும். திண்ணிய மரத்தாலான மின் கருவியில் மரத்தின் இனம் எவ்வளவு மாற்றுகிறது என்பதில்தான் இழுபறி. அக்கூஸ்டிக் கிட்டாரில், ஆறு வகை மரத்தில் பின்பலகை வைத்துச் செய்த கருவிகளை 52 கிட்டாரிஸ்டுகளிடம் கண்ணை மறைத்து வாசிக்கக் கொடுத்த ஆய்வு 2018இல் வெளியானது. மதிப்பீடுகளில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. கிளாடியா ஃப்ரிட்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட வயலின் ஆய்வில் தேர்ந்த கலைஞர்களால் ஸ்ட்ராடிவேரியஸைப் புதிய வயலின்களிலிருந்து நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை. இவற்றைப் பேஸ் கிட்டாருக்கு அப்படியே நீட்டிவிட முடியாது. ஆனால் அதிர்வின் பெரும்பங்கு மரத்தில் நடக்கும் கருவிகளிலேயே இந்த நிலை என்றால், காந்தமும் செம்புக்கம்பியும் ஒலியை எடுக்கும் கருவியில் மரத்துக்கு அதிக விலை கொடுப்பவர் அழகுக்காகக் கொடுப்பதாக நினைத்துக்கொள்வது பாதுகாப்பு. எப்படியானாலும், அமெச்சூர் குழுவில் பேஸ் கேட்காமல் போவதற்கும் மரத்துக்கும் தொடர்பு இருப்பதாக நினைக்க ஆதாரம் இல்லை.

பாட்டில் இடம் விடுதல்

உலகின் சிறந்த கருவியும் ஸ்டூடியோவும் இருந்தும் பேஸ் கேட்காமல் போன புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1988இல் வந்த மெட்டாலிக்காவின் அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல் ஆல்பம். ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் அதில் கிட்டத்தட்ட இல்லை. இசைக்குழுவே குறைக்கச் சொன்னதாக மிக்ஸ் செய்தவர்கள் பின்னாளில் பேட்டிகளில் கூறினார்கள். கிட்டாரின் சங்கதியையே பேஸ் ஒட்டி வாசித்ததால், அதே அலைவரிசையில் கிட்டார் அதை விழுங்கியது என்ற விளக்கமும் உண்டு. எதிர்த்திசையில் பிரின்ஸின் வென் டவ்ஸ் க்ரை 1984இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது; அதில் பேஸே கிடையாது. டோர்ஸ் குழுவில் மேடையில் ரே மான்ஸாரெக் இடக்கையால் கீபோர்டில் பேஸ் வாசித்தார். நம் மெல்லிசைக் கச்சேரிகளிலும் செலவைச் சுருக்க வேண்டிய இடத்தில் கீபோர்டுக்காரரின் இடக்கை அந்த வேலையைச் செய்வதுண்டு. பேஸ் கிட்டாரிஸ்டும் இருந்து, அந்த இடக்கையும் சும்மா இல்லாதபோதுதான் சேறாகிறது.

ஆக, பேஸ் கேட்பதா வேண்டாமா என்பது முதலில் இசையமைப்பில் எடுக்கும் முடிவு என்கிறது இத்தரப்பு. தமிழ்க் கேட்பவர்களுக்கு இதை விளக்கத் தொலைவு போக வேண்டாம். இளையராஜா ஒவ்வொரு கருவிக்கும் ஸ்வரக் குறிப்பு எழுதிக் கொடுப்பவர். அவருடைய 1980களின் பாடல்களில் பேஸ், குரலுக்கும் வயலின்களுக்கும் அடியில் தனி மெட்டாக நடக்கிறது. சின்ன ஸ்பீக்கரில் கேட்டவர்களும் அதை முணுமுணுக்க முடிகிறது. மற்ற கருவிகள் எங்கே வாய் மூட வேண்டும் என்பதும் அந்தத் தாளில் எழுதப்பட்டிருப்பதால் இது நடக்கிறது.

அமெச்சூர் குழுவில் அந்தத் தாள் இல்லை. எல்லோரும் முழுப் பாட்டையும் நிறுத்தாமல் வாசிக்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டித் பென்னட் 1980இல் ராக் இசைஞர்கள் உருவாவது பற்றி எழுதிய நூலில், அவர்கள் இசைத்தட்டைக் கேட்டுக் கற்பதால் இசைத்தட்டின் ஒலியையே அளவுகோலாகக் கொள்வதை விரிவாகப் பேசினார். ஹெட்ஃபோனில் கேட்ட பேஸ், கம்ப்ரஸரும் வடிகட்டியும் மிக்ஸ் இன்ஜினியரின் பல மணி நேர உழைப்பும் சேர்ந்தது. அதை நான்கு மீட்டர் அறையில் எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம் கட்டாயம். இங்கு இத்தரப்பின் பலவீனமும் தெரிகிறது. இடம் விட்டு வாசி என்பது சொல்ல எளிது. அதை யார் யாரிடம் சொல்வது?

கேட்காத ஆளின் இடம்

1961இல் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் பீட்டில்ஸிலிருந்து விலகியதும், வேறு யாரும் முன்வராததால் பால் மெக்கார்ட்னி பேஸுக்கு மாறினார். அவரே பலமுறை சொன்ன கதை இது. கிட்டார் தெரிந்தவர் எடுத்து வாசிக்கலாம் என்று லியோ ஃபெண்டர் தந்த வசதியின் மறுபக்கம் இங்கே இருக்கிறது. குழுவில் மூன்றாவது கிட்டாரிஸ்டாக வந்தவர் கையில் பேஸ் திணிக்கப்படுவது உலகெங்கும் அமெச்சூர் வழக்கம். அவர் கிட்டார் மனத்தோடு வாசிக்கிறார். மற்றவர்கள் அவரைக் குறைபட்ட கிட்டாரிஸ்டாக நடத்துகிறார்கள். ஜேமர்சனின் பெயரே 1971இல் வந்த மார்வின் கேயின் வாட்ஸ் கோயிங் ஆன் ஆல்பம்வரை மோடவுன் உறைகளில் அச்சாகவில்லை என்றால், அமெச்சூர் பேஸிஸ்ட் மதிப்பை எங்கே எதிர்பார்ப்பது? அதே வேளையில், தேடும்போது கிடைக்காத ஆளும் இவர்தான். ஒரே பேஸிஸ்ட் மூன்று குழுக்களில் வாசிப்பதும், மூன்று ஒத்திகைகளும் ஒரே நாளில் வந்து மோதுவதும் இதனால்தான்.

இதைச் சமூகக் கேள்வியாகப் பார்த்த ஆய்வுகளில் ரூத் ஃபினெகன் 1989இல் வெளியிட்ட, இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகர அமெச்சூர் இசையைப் பற்றிய நூல் முக்கியமானது. இசைக்குழுக்கள் பயணம், கருவி, ஒத்திகை, உட்பூசல் ஆகியவற்றுக்கு நடுவே எவ்வளவு உழைப்பால் நிற்கின்றன என்று அது காட்டியது. கீத் முர்னிகனும் டொனால்ட் கான்லனும் 1991இல் 20 பிரிட்டிஷ் தந்திக் குவார்டெட்டுகளை ஆராய்ந்தார்கள். அந்தக் குவார்டெட்டுகளில் இருந்தவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள். ஆனாலும் இரண்டாம் வயலினின் நிலை பேஸிஸ்டுக்கு நெருங்கியது. முதல் வயலினுக்கு நிகரான திறமை வேண்டும், முதல் வயலினாக ஆசைப்படக் கூடாது. வெற்றி பெற்ற குவார்டெட்டுகள் இத்தகைய முரண்களை உட்கார்ந்து பேசித் தீர்க்கவில்லை, பேசாமலே சமாளித்தன என்பது அந்த ஆய்வின் சுவையான முடிவு. மனம் விட்டுப் பேசுங்கள் என்ற பொது அறிவுரைக்கு இது சற்று இடைஞ்சல்தான்.

நரம்பியல் ஆய்வுகள் பேஸிஸ்டுக்கு ஓர் ஆறுதல் தருகின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரல் டிரெய்னர் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒருசேர ஒலிக்கும் இரண்டு ஸ்வரங்களில் தாழ்ந்தது 50 மில்லிசெகண்ட் முந்தினால் மூளை அதற்கு அதிகம் பதிலளித்தது. தாளம் தட்டும் விரலும் தாழ்ந்ததையே அதிகம் பின்தொடர்ந்தது. 2022இல் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு நேரடிக் கச்சேரியின்போது, காதுக்குத் தெரியாத அளவு தாழ்ந்த ஒலியை விட்டுவிட்டு இயக்கியபோது, அது ஓடிய நேரங்களில் மக்கள் சுமார் 12 சதவீதம் கூடுதலாக அசைந்து ஆடினார்கள். கேட்பதும் வேலை செய்வதும் வேறுவேறு என்பதற்கு இவை சான்று. பேஸிஸ்ட் தடுமாறினால் ஏன் தடுமாறுகிறோம் என்று தெரியாமலே மற்றவர்களும் தடுமாறுகிறார்கள்.

மேடையை அடக்கும் வழி

கடைசியாக வந்த விடை ஆம்பையே ஒழிப்பது. பேஸை டி.ஐ. பெட்டி அல்லது மாடலர் வழியாக நேரே மிக்ஸருக்கு அனுப்பி, ஒவ்வொருவரும் காதுக்குள் மானிட்டர் மாட்டிக்கொண்டு தத்தம் மிக்ஸைக் கேட்பது. தமிழ்நாட்டு மெல்லிசை மேடைகளில் பேஸை நேரே மிக்ஸருக்கு அனுப்பும் வழக்கம் பழகியதுதான். காதுக்கு நல்லது, அறையின் சிக்கலும் போகிறது. இழப்பு என்னவென்றால், உடம்பில் படும் அதிர்வு போகிறது. ஒருவரையொருவர் கேட்டு அளவை மாற்றும் பழக்கமும் போகிறது. சின்ன இடங்களின் பி.ஏ.யில் சப்வூஃபர் இல்லாவிட்டால் கூட்டத்துக்கும் பேஸ் கிடையாது.

தீராதவை

இத்தனை விடைகளுக்கும் பிறகு சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். டிரம்மோடு நிற்கும் திறன் இல்லாத பயிற்சி ஆம்போடு மேடையேறுபவருக்குக் கருவி விடை முழு உண்மை. அந்தப் படியைத் தாண்டியவருக்கு அடுத்த ஆம்ப் தருவது மிகக் குறைவு. ஆம்பை நகர்த்துவதும், மிட்டைத் திருத்துவதும், கிட்டாரிஸ்டின் ஆம்பை முழங்காலிலிருந்து அவர் காதை நோக்கிச் சாய்த்து வைப்பதும் அதைவிட அதிகம் தரும். பாட்டமைப்பு இவை எல்லாவற்றையும்விட வலியது என்பது நியாயமான ஊகம். ஆனால் இந்த விடைகளை ஒரே குழுவில், ஒரே அறையில் வைத்து எடைபோட்டால்தான் அது ஊகத்திலிருந்து முடிவாகும். பேஸ் பற்றிய அளவீடுகள் ஆய்வகத்தில் ஓரிரு ஸ்வரங்களை வைத்து நடந்தவை. குழுக்கள் பற்றிய ஆய்வுகளோ டெசிபெல் மீட்டரைத் தொடாதவை. இரண்டையும் சேர்த்துச் செய்வதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஒரு திரை, திறன் வேறுபட்ட இரண்டு ஆம்ப், ஒரு மீட்டர், மூன்று மாலைகள், பொறுமையுள்ள ஒரு குழு போதும். ஆண்டுதோறும் இசைக்குழுப் போட்டி நடத்தும் பொறியியல் கல்லூரிகளில் இவை அனைத்தும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்குள்ள ஒலியியல் மாணவர்கள் யாராவது இதைத் திட்டப்பணியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.